ஜாக்கி மேல் இரட்டை வீடு

செப்டம்பர் 3, புதன்

வாசலில் மணல் மூட்டை அடுக்கினேன். கதவடியில் பழைய கோணியைத் திணித்தேன். கக்கூஸ் குழிக்குள் ஈரமணல் மூட்டை ஒன்றை இறக்கி அதன் தலையில் அம்மிக் குழவியையும் ஏற்றினேன். இவ்வளவும் செய்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தால், தண்ணீர் கூடத்து நடுவே டைல்ஸ் இடுக்கிலிருந்து சிரித்துக்கொண்டே மேலே வருகிறது! வாசலில் காவல் போட்டால் திருடன் தரைக்குக் கீழே கன்னம் வைத்திருக்கிறான். சுவாமி படத்துக்குக் கீழே ஒரு தவளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு ராத்திரி மழைக்கே இந்தக் கதி என்றால் ஐப்பசி அடைமழைக்கு நான் கட்டிலோடு அடையாற்றில் போய்ச் சேர வேண்டியதுதான்.

கட்டும்போது இந்த வீடு தெருவைவிட இரண்டடி உயரம். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, இப்போது தெரு என் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து எத்தனை பெண்களை நிமிர்ந்து நிற்க வைத்திருப்பேன்! அப்பேர்ப்பட்ட சிந்தாமணி தன் வீட்டுக்குள் போக முதுகை வளைத்து இறங்குகிறாள். வெட்கக்கேடு.

வாளியில் மொண்டு மொண்டு பக்கத்துப் பாதியின் பக்கம் ஊற்றினேன். இது இரட்டை வீடு. ஒரே அஸ்திவாரம், நடுவில் ஒரே சுவர். இந்தப் பாதி என்னுடையது, அந்தப் பாதி ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஏகாம்பரத்தினுடையது. மனைவி போன பிறகு ஒண்டிக்கட்டை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவர் கொல்லையில் செங்கல் வரப்பு கட்டித் தன் தண்ணீரை என் பக்கம் திருப்பிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. நான் காலையில் அவர் பக்கம் ஊற்றுவேன், அவர் சாயங்காலம் என் பக்கம் ஊற்றுவார். யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

இன்று சாயங்காலம் அவர் ஊற்றவில்லை. காலி வாளியோடு மதில் ஓரம் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம் பேசணும்."

"ஊத்தாதீங்கன்னு சொல்றதா இருந்தா நாளைக்கு ரெண்டு வாளி சேத்து ஊத்துவேன்."

"தாராளமா ஊத்துங்க. நான் வீட்டையே தூக்கலாம்னு பாக்கறேன்."

செப்டம்பர் 4, வியாழன்

கேலி இல்லை. வடக்கிலிருந்து ஆட்கள் வந்து அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, அடியில் ஜாக்கி வைத்து, வீட்டைத் தரையோடு அப்படியே நாலடி தூக்கி, இடைவெளியில் செங்கல் கட்டிக் கொடுக்கிறார்களாம். ரயில்வே ஜாக்கியா என்று கேட்டேன். லாரி டயர் மாற்றும் ஜாக்கிதானாம். லாரியைக்கூடத் தூக்கிவிடும், என் பீரோவைத் தூக்கட்டும் பார்க்கலாம் என்றேன்.

"ஒரே சுவரு டீச்சர். எம் பாதிய மட்டும் தூக்க முடியாது. நீங்களும் சரின்னாத்தான் நடக்கும்."

"இத்தன வருஷம் தண்ணியிலேயே குடித்தனம் பண்ணிட்டு இப்ப என்ன திடீர்னு?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஹேமா கோயம்புத்தூருக்கு வந்துடுப்பான்னு கூப்பிடறா. ஒருத்தியே பொண்ணு. வித்துட்டுப் போயிடலாம்னு. பள்ளத்து வீட்ட எவன் வாங்குவான்? தூக்கிட்டா போகும்."

நல்ல விஷயம். மகளோடு இருப்பதுதான் முறை. என் பக்கம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கென்ன வந்தது? மழைக்கு முன்னால் என் வீடு மேலே போனால் சரி.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கொசு.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேஸ்திரி பல்பீர் ஆட்களோடு வந்திறங்கினார். ஊர் ஹரியானா, தமிழ் தாம்பரம். வந்ததும் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. "நல்ல வீடு அம்மா. ஒடம்பு நல்லா இருக்கு. காலு மட்டும் தண்ணில" என்றார். எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டைக் காலி செய்ய வேண்டாமாம். உள்ளேயே சமைக்கலாமாம், தூங்கலாமாம். மேலே போகும்போது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்றால் இது ராக்கெட்டா, வீடா? கார்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சுற்றிலும் பள்ளம் தோண்டுகிறார்கள். அந்தச் செங்கல் வரப்பை முதல் கடப்பாறையிலேயே உடைத்துப் போட்டார்கள். கார்டு பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சுவர் நெடுக அடியில் துளை போட்டு இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கிகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அசெம்பிளிக்கு நிற்கும் ஒன்றாம் வகுப்பு மாதிரி குட்டையும் குண்டுமாக நிற்கின்றன. ஆனால் ஒரு சிக்கல்.

"எல்லாம் ஒண்ணா சுத்தணும் அம்மா. ஒரு ஆள் முன்னே, ஒரு ஆள் பின்னே, வீடு ஒடையும்" என்றார் பல்பீர். அவர் "ஹோ!" என்று கத்தினால் இந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்கிறது, அந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்கவில்லை. அவருக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. காலையிலிருந்து கத்திக் கத்தி ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டார்.

உள்ளே போனேன். பீரோவில் இரண்டாவது தட்டு. என் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், அந்தப் பக்கத்து வாசலிலிருந்து கார்டு பச்சைக் கொடியோடு வருகிறார்! பல்பீர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏற்பாடு இதுதான். ஜாக்கிகளைச் சரிபார்த்துவிட்டுக் கார்டு கொடியைத் தூக்குவார். அதைப் பார்த்து நான் ஊதுவேன். நான் ஊதியதும் அவர் கொடியை இறக்குவார். என் பக்கத்து ஆட்களுக்கு விசில், அவர் பக்கத்து ஆட்களுக்குக் கொடி. ஒரு ஊதலுக்கு ஒரு திருப்பு.

"எம் பக்கத்துல வண்டி லேட்டே ஆனதில்ல டீச்சர்" என்றார்.

"எங்கிட்ட எவளும் ஸ்டெப் தப்பினதில்ல" என்றேன்.

விசிலுக்குப் புதுக் கயிறு வாங்கினேன். பழையது நைந்திருந்தது. புதுக் கயிறு பச்சை. கடையில் அந்த நிறம்தான் இருந்தது. (சிவப்பும் இருந்தது.) அடைப்புக்குள் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

ஐயோ! தூக்கிவிட்டோம்!

கொடி ஏறியது. ஊதினேன். முப்பது வருஷ மூச்சையும் சேர்த்து ஊதினேன். அத்தனை ஆட்களும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருப்ப, வீடு "ம்ம்" என்று ஒரு முனகல் விட்டது. அவ்வளவுதான். பத்து ஊதலுக்குப் பிறகு பல்பீர் வந்து "ஒரு விரல் மேலே போச்சு" என்றார். வீட்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே வெளிச்சம்! உள்ளே பருப்பு வெந்துகொண்டிருக்கிறது, வீடு காற்றில் நிற்கிறது! தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டையும் ஊதிவிடச் சொல்கிறார், பலூன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

மத்தியானத்துக்குள் அரையடி. தரையில் கையூன்றிக் குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தேன். பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஜாக்கி வரிசைகளைத் தாண்டி, இரண்டு வீட்டுக்கும் அந்தப் பக்கத்தில், இன்னொரு முகம் தலைகீழாக என்னைப் பார்க்கிறது. கார்டு! அவரும் அதே நேரம் குனிந்திருக்கிறார்.

"டீச்சர், தெரியுதா?"

"தெரியுது!"

"ஒண்ணுமே இல்ல டீச்சர் நடுவுல!"

எழுந்திருக்க இருவருக்கும் நேரமாயிற்று. அவருக்கு முட்டிவலி. எனக்குச் சிரிப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

வடை சுட்டேன். மாவு அதிகமாகிவிட்டது. வீணாக்கக்கூடாதே என்று மதில் மேல் ஒரு தட்டு வைத்தேன். தட்டு கழுவித் திரும்பி வந்தது, மேலே ஒரு கொய்யாப்பழம்.

செப்டம்பர் 20, சனி

தலைக்குச் சாயம் போட்டேன். வேலைத்தளத்தில் தூசி, நரையில் பட்டால் அசிங்கமாகத் தெரிகிறது. மற்றபடி காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

எல்லாம் நாசம். என் வாயால் வந்தது.

இரண்டடி தாண்டியிருந்தோம். அடுத்த திருப்புக்கு எல்லோரும் கம்பியோடு தயார். கார்டு இன்னும் கொடியைத் தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பெண் சைக்கிளில் போகிறாள். எங்கள் பள்ளிச் சீருடை. ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது, ஷூ கயிறு கட்டவில்லை, அதுவும் போதாதென்று இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறாள்! என் கை யாரைக் கேட்டது? விசில் வாய்க்குப் போய்விட்டது. ஊதித் தொலைத்தேன்.

அந்தப் பெண் சட்டென்று நின்று அட்டென்ஷனில் நிமிர்ந்தாள். அது சரி. ஆனால் என் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரு திருப்புத் திருப்பிவிட்டார்கள். கொடி இறங்காததால் அவர் பக்கத்து ஆட்கள் சும்மா நின்றார்கள். என் பாதி மேலே, அவர் பாதி கீழே. நடுச்சுவரில் "படக்" என்று ஒரு சத்தம்.

பல்பீர் தலையில் அடித்துக்கொண்டு இந்தியில் என்னென்னவோ சொன்னார். அர்த்தம் தெரியாதது புண்ணியம். உடனே அவர் பாதியையும் ஒரு திருப்புத் திருப்பிச் சமன் செய்தார்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு வீட்டிலும் பிடித்துப் பார்த்தார்கள், மட்டம் சரியாகிவிட்டது. சுவரில் விழுந்த விரிசல் மட்டும் போகவில்லை. தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு நிற்கிறது. வாங்க வருகிறவன் இதைப் பார்த்தால் ஓடிவிடுவான். அந்த மனிதருக்கு மகளிடம் போக இருந்த ஒரே வழியை நான் கெடுத்துவிட்டேன்.

விரிசலைப் பார்க்க என் கூடத்துக்கு வந்தவர் முன்னால் போய் நின்றேன். "மன்னிச்சுக்குங்க கார்டு சார்" என்றேன். சார் போட்டது இதுதான் முதல் தடவை.

அவர் விரிசலைத் தடவிப் பார்த்தார். "சிக்னல் இல்லாம வண்டிய எடுத்துட்டீங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "அந்தப் பொண்ணு நின்னதப் பாத்தீங்களா! கம்பம் மாதிரி!"

இப்படியும் ஒரு மனிதர்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் சமைக்கும்போது வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தேன். விரிசலிலிருந்து குரல் வருகிறது. "டீச்சர், ரெண்டாவது வரியில சுருதி கொஞ்சம் எறங்குது."

இனிமேல் பாடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். மத்தியானம் சத்தமாகப் பாடினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நாலடி! பல்பீர் கை தூக்கினார். கார்டு கொடியைச் சுருட்டினார். நான் கடைசியாக ஒரு நீள ஊதல் ஊதினேன். எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். அடியில் செங்கல் கட்டும் வேலை ஓடுகிறது. புதுச் சுவருக்கு வெளியே தண்ணீர் இறங்காத பூச்சு, உள்ளே மண்ணும் ஜல்லியும் நிரப்பி இடித்துக் கெட்டி செய்கிறார்கள். இனி ஊற்று எந்த வழியாகச் சிரிக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

வீடு மேலே போய்விட்டது, படி கீழேயே நின்றுவிட்டது. இப்போதைக்கு இரண்டு வாசலுக்கும் சேர்த்து ஒரு மூங்கில் ஏணி. நான் விறுவிறுவென்று ஏறிவிடுகிறேன். அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். விழுந்து வைத்தால் கேஸ் என் தலையில்தான் விடியும், அதற்காகத்தான். பால் வாங்க, பேப்பர் வாங்க, கீரை வாங்க என்று இன்று எத்தனை தடவைதான் இறங்குவார்! கீரைக்காரி மேலேயே தூக்கிக் கொடுப்பாளே என்றேன். கீரையைத் தரையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஹேமா போனில் பேசினாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறதாம். நல்ல இடமாம், உடனே முடித்துவிடுவார்களாம்.

நல்லது.

இன்று வேறு எதுவும் எழுத இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

படி கட்டக் கொத்தனார் முனிரத்தினம் வந்தார். முன்னால் மழைநீர்க் கால்வாய், பின்னால் வீடு, நடுவில் இருக்கும் இடத்தைக் கையை விரித்துக் காட்டினார்.

"இடம் இல்லம்மா. வாசலுக்கு ஒண்ணா ரெண்டு படி கட்டணும்னா ஏணி மாதிரி நட்டுக்கினு நிக்கும். ஒரே படியா நடுவுல அகலமா கட்டிட்டா, மேல ஒரு திட்டு, அங்கேர்ந்து இந்தாண்ட ஒரு வாசல், அந்தாண்ட ஒரு வாசல். இன்னா சொல்ற?"

பிறகு என்ன செய்வது? கார்டுக்கு முட்டிவலி, செங்குத்துப் படி ஆகாது. எனக்கும் பீரோ ஏற்ற அகலம் வேண்டும். ஒரே படி என்று சொல்லிவிட்டேன். கார்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், விற்கிற வீட்டுக்குத் தனிப் படி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லையாம்.

இதில் என் சொந்த விருப்பம் என்று எதுவும் கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிறு

வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, வெள்ளைக் கார். நல்ல ஜனங்களாகத்தான் தெரிந்தார்கள். கூடம் பிடித்திருந்தது. விரிசலை முனிரத்தினம் நேற்றே பூசிவிட்டதால் அது கண்ணில் படவில்லை. என் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். தெருவில் தூசி.

நான் வழக்கமாக விடியற்காலையில் உடற்பயிற்சி செய்வேன். இன்று எப்படியோ தாமதமாகிப் பதினொரு மணிக்குச் செய்யும்படி ஆயிற்று. வீட்டுக்குள் புழுக்கம். அதனால் திட்டில் செய்தேன். இரண்டு வாசலுக்கும் பொதுவான திட்டு, எனக்கும் உரிமை உண்டு. கையை விரித்து "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தம்மா என் கை படாமல் ஒதுங்கி நின்றார்.

"இது பொது வழிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றார் கார்டு. "ரெண்டு வீட்டுக்கும் இதான் வழி."

"இவங்க...?"

"டீச்சர் தெனம் பண்ணுவாங்க. காலைல அஞ்சு மணிக்கு. விசிலோட."

விசிலோடா? நான் என்றைக்கு விசிலோடு செய்தேன்! வாயைத் திறக்கப்போனேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். "தனி வழி இருந்தா நல்லாருந்திருக்கும் சார்" என்று அந்த மனிதர் சொன்னார். கார் போய்விட்டது.

"போச்சே கார்டு சார்" என்றேன்.

"ஆமா. போச்சு" என்றார். ரொம்ப வருத்தமாக இருப்பார் என்று நினைத்தேன். உள்ளே போய் நான் பாடும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது வரியில் அவருக்கும் சுருதி இறங்குகிறது.

அக்டோபர் 16, வியாழன்

அடைமழை. விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. கொட்டட்டும்!

கால்வாய் நிரம்பித் தெரு ஆறாகிவிட்டது. நான் திட்டில் நாற்காலி போட்டேன், கார்டும் அவர் நாற்காலியைக் கொண்டு வந்தார். தண்ணீர் முதல் படியை முழுங்கியது. இரண்டாவதை முழுங்கியது. மூன்றாவது படியை நக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்க் கூடத்தில் மண்டி போட்டு டைல்ஸ் இடுக்கையெல்லாம் விரலால் தடவினேன். எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. கக்கூஸ், பூஜை மாடம், கட்டில் அடி, எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. அவர் பாதியிலும் போய்த் தடவிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அவர் வீட்டுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

"ஊத்தறதுக்குத் தண்ணி இல்லாம கையே ஓடல டீச்சர்" என்றார்.

பத்து மணிக்கு முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார், படி நிற்கிறதா என்று பார்க்க. கார்டு அவருக்குக் காபி எடுக்க உள்ளே போனார். முனிரத்தினம் படியைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்கிதும்மா. சொம்மா சொல்லக் கூடாது, தனித்தனியா ரெண்டு படி கட்டியிருந்தாலும் நின்னிருக்கும். இடந்தான் கெடக்குதே."

"என்ன சொல்றீங்க? இடம் இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சாருதாம்மா சொல்லச் சொன்னாரு. நா உன்னாண்ட வர்றதுக்கு மொத நாளே கூப்ட்டு, ஒரே படிதான் கட்டணும், டீச்சரு கேட்டா இடம் இல்லன்னு சொல்லிடுன்னாரு. அப்பால நீயே ஒரு படி போதும்னுட்ட. எனக்கு வேல மிச்சம்."

காபியோடு கார்டு வந்தார். முனிரத்தினம் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போகிற வரைக்கும் நான் விரல் விட்டு நாள் எண்ணினேன். முனிரத்தினம் வருவதற்கு முதல் நாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை. ஹேமா போன் செய்த அதே நாள். நான் எதையும் எழுதாமல் நோட்டை மூடி வைத்த அதே நாள்.

"கோயம்புத்தூருக்கு எப்ப கெளம்பறீங்க?" என்று கேட்டேன். டிரில் கிளாஸ் குரலில்தான் கேட்டேன். பாதியில் அது உடைந்துவிட்டது.

அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் சுருட்டிய கொடி ஒன்று. பச்சை இல்லை. இத்தனை நாள் அதை வெளியே எடுத்ததே இல்லை. திட்டின் ஓரத்தில் நின்று பிரித்து, மழைக்கு நேராகக் கையை நீட்டிப் பிடித்தார். சிவப்பு.

"லைன்ல தண்ணி டீச்சர். வண்டி போவாது."

"தண்ணி வடிஞ்சப்புறம்?"

"அப்பவும் இதேதான்."

"ஹேமாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"சொல்லிட்டேன். அந்தக் கார் போன ஞாயித்துக்கெழமையே. அவ சிரிக்கறா. தீபாவளிக்கு வந்து உங்கள பாக்கணுமாம்."

"இடம் இல்லேன்னு பொய் சொல்லச் சொன்னீங்களாமே, வெக்கமா இல்ல?"

"பதினோரு மணிக்கு டிரில் பண்ணவங்க கேக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மழைச்சாரலில் எது எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால்தான் என்ன? கொடியைப் பிடித்தபடியே நின்றார். போதும், இறக்குங்கள், நனைகிறீர்கள் என்றேன். விசில் ஊதினால்தான் இறக்குவாராம்.

பெரிதாக ஊதினேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "இன்னும் எவ்ளோ டீச்சர் தூக்கப் போறீங்க?" என்று கத்தினார்.

இப்போது மணி நாலு. அவர் அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குகிறார், நான் கடலைமாவு கரைக்க வேண்டும். இரண்டு வாளிகளும் திட்டின் மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இந்த வரியை அடிக்கப் போவதில்லை.